முப்பது முழச் சிவப்புக் கயிறு

இமயமலைப் பனியில் நடக்கப் போகும் காவ்யா, மூட மறுத்த பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தறியில் மீந்த சிவப்புப் பட்டு நூலை முறுக்கி, முப்பது முழக் கயிறாக்கிக் கொண்டுவந்தாள் அம்மா லீலா.

"இடுப்புல கட்டிக்கோடி."

"எந்த சாமிக்கும்மா வேண்டுதல்?"

"ஒரு முனைய கட்டிகினு, மீதிய பின்னால இழுத்துகினு நட."

"ஆரணிப் பொண்ணு பட்டுல வாலு கட்டிகினு வந்திருக்கான்னு சிரிப்பாங்க."

"வாலு ஒண்ணுதான் உனக்குக் குறைச்சலா இருந்துச்சு."

"படிச்சவ நான், திருஷ்டிக் கயிறோட மலை ஏறணுமா?"

லீலா கயிற்றை மகளின் மடியில் வைத்தாள்.

"திருஷ்டிக்கு இல்லடி. பனி சரிஞ்சு ஆள மூடிட்டா, பட்டு லேசு, கொஞ்சமாச்சும் மேல தெரியும். அத பிடிச்சுகினு போய்த் தோண்டுவாங்க. டீம்ல குடுக்கிற, ஆள தேடுற கருவியும் கட்டிக்கோ, இதையும் கட்டிக்கோ. மிலிட்டரில உங்கப்பாவ தேடி எடுக்க நாலு நாள் ஆச்சு."

காவ்யா கயிற்றை இடுப்பில் கட்டினாள். வாலை இழுத்துக்கொண்டு கூடத்தில் இரண்டு நடை நடந்தாள்.

"எங்க டீம்ல மொத்தம் பன்னெண்டு பேரும்மா," என்றாள் மெதுவாக.

"தெரியும். மீதி பதினொண்ணு உன் பைக்குள்ள அடியில இருக்கு."