அறுபத்திரண்டு கிலோமீட்டர்

கார் மீட்டரைப் பார்த்ததும் ஹேமநாதனுக்குச் சுர்ரென்று ஏறியது.

செவ்வாய்க்கிழமை ஒர்க்‌ஷாப்பில் காடியை விடும்போதே மீட்டரை போனில் படம் பிடித்து வைத்திருந்தான். பாலோ ஊரில் யாரையும் நம்பி ஒரு சைக்கிளைக்கூட விட முடியாது என்பது அவன் கட்சி. இன்று வியாழன். அறுபத்திரண்டு கிலோமீட்டர் கூடியிருந்தது.

போதாததற்கு, பக்கத்து சீட் பின்னால் சாய்ந்து கிடந்தது. கீழே ஒரு பிஸ்கட் கவர். அந்தக் காடிக்குள் பிஸ்கட் தின்ன அவன் பிள்ளைகளுக்கே அனுமதி கிடையாது.

“மதி! இங்க வா.”

மெக்கானிக் மதிவாணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

“என்ன பாஸ், விளக்கு அணைஞ்சிருச்சில்ல?”

மூன்று வாரமாக மஞ்சளாக எரிந்துகொண்டிருந்த இன்ஜின் விளக்கு அணைந்துதான் இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த விளக்கு அவனுக்கு வசதியாகவும் இருந்தது. யார் எங்கே கொண்டுபோய் விடச் சொன்னாலும் ‘காடி ரிப்பேர்’ என்று சொல்லிவிடலாம். பெட்ரோல் தண்ணீராய்ச் செலவானதால்தான் ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுவந்தான்.

“விளக்கை விடு. காடியை எங்க ஓட்டிட்டுப் போன?”

“குளுவாங் வரைக்கும், நேத்து.”

“ஒரு சென்சர் மாத்த எதுக்கு லா குளுவாங்?”

மதிவாணன் கரி பிடித்த பழைய சென்சரை எடுத்துக் காட்டினான்.

“எக்சோஸ் பைப்ல இருந்தது பாஸ். புகையில எவ்வளவு ஆக்சிஜன் இருக்குன்னு பார்த்து இன்ஜினுக்குச் சொல்லணும். இது செத்துப்போய் ஒரே அளவையே சொல்லிக்கிட்டு இருந்திச்சு. அதை நம்பி இன்ஜினும் பெட்ரோலை அள்ளிக் குடிச்சிருக்கு. பைப்ல ஓட்டை இருந்தாலும் இப்படிக் காட்டும்னு முதல்ல அதைப் பார்த்தேன். ஓட்டை இல்ல. அப்புறம்தான் புதுசு போட்டேன்.”

“போட்டேல்ல? அதோட விட வேண்டியதுதானே?”

“மெஷினைச் சொருகி எர்ரரை அழிச்சா விளக்கு உடனே அணைஞ்சிடும் பாஸ். ஆனா டவுன்லயும் ஓட்டணும், பெரிய ரோட்லயும் ஓட்டணும். அப்பத்தான் காடி தன்னைத்தானே சோதிச்சுப் பார்க்கும். இல்லன்னா நாலு நாள்ல திரும்ப எரியும். சென்சர் மாத்தினா குளுவாங் போய்த் திரும்பாம நான் சாவியைக் கொடுக்கிறதில்ல.”

“சரி. பக்கத்து சீட்ல உக்காந்து யாரு சோதிச்சது?”

மதிவாணன் காடிக்குள் குனிந்து அந்த பிஸ்கட் கவரை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

“பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஜாலான் ஜாலான்னு ஊர் சுத்தப் போனியா?”

“ஐயோ, இல்ல பாஸ். பஸ் ஸ்டாப்ல ஒருத்தங்க நின்னாங்க. டயாலிசிஸ் போறவங்க. வெயில்ல நிக்க முடியாம கையக் காட்டினாங்க. நானும் அந்தப் பக்கம்தானே போறேன்னு…”

“என் காடி என்ன ஆம்புலன்ஸா? வழியில ஏதாவது ஆயிருந்தா யாரு பதில் சொல்றது? ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டிருக்கணும். தப்புதான் பாஸ்.”

“இரு, ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போடுறேன். அப்புறம் எவன் உன்கிட்ட காடி விடறான்னு பார்க்கிறேன்.”

மதிவாணன் முகம் வெளுத்தது. அவனுக்கு அந்த ஊரில் இருப்பது ஒரு தகரக் கூரையும் கொஞ்சம் நல்ல பெயரும்தான். ஆனாலும் வந்தது யார் என்று அவன் சொல்லவில்லை.

ஹேமநாதன் காடியில் ஏறி இன்ஜினை முடுக்கினான். மீட்டர் படத்தைத் தேடி எடுத்து, குரூப்பில் ‘ஜாக்கிரதை’ என்று எழுதும்போதே போன் அடித்தது.

சந்திரமதி அண்ணி. செத்துப்போன அண்ணனின் மனைவி. திங்கட்கிழமை அவள் கூப்பிட்டபோது, “காடி ஒர்க்‌ஷாப்ல இருக்கு அண்ணி” என்று சொல்லித் தப்பித்திருந்தான். காடி அப்போது அவன் வீட்டு வாசலில் நின்றது.

போனை வெட்டப் போனவன், அவசரத்தில் எடுத்துவிட்டான். அண்ணியின் குரல் காடியின் ஸ்பீக்கரிலிருந்து ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்டது.

“ஹேமா, நேத்தே கூப்பிடணும்னு நெனச்சேன். டயாலிசிஸ் முடிஞ்சு வந்து படுத்தவ எழுந்திரிக்கவே இல்ல. பஸ் ஸ்டாப்ல நிக்கிறப்ப உன் காடி வந்துச்சு, நீதான்னு கையக் காட்டினேன். பார்த்தா மதி! ‘உங்க கொழுந்தன்தான் அனுப்பி வச்சாரு’ன்னு சொன்னாரு. காடி ரிப்பேரா கெடக்கிறப்பகூட என்னை நெனச்சுப் பார்த்தியேப்பா.”

ஹேமநாதன் கண்ணாடி வழியே பார்த்தான். மதிவாணன் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த ஸ்பேனர்களை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தான்.

“நாளைக்கு மறுபடி இருக்குப்பா. காடி சரியாயிட்டா இனிமே நீயே வந்து கூட்டிட்டுப் போவேன்னு மதி சொன்னாரு. எத்தனை மணிக்கு நான் ரெடியா நிக்கட்டும்?”