மண்ணெண்ணெய் காத்த இருவர்

ஆய்வக அலமாரியில் ஒரு புட்டி இருந்தது. அதிலிருந்த மண்ணெண்ணெய், இரண்டு சோடியத் துண்டுகளைக் காற்றும் ஈரமும் அண்டாமல் கட்டிக்காத்து வந்தது.

“உன் நாத்தத்துலயே கிடந்து சாகணுமா? என் ஒத்தை எலக்ட்ரானை யார் கையிலாவது கொடுத்தாத்தான் எனக்கு நிம்மதி,” என்று சின்னவள் தினமும் புலம்புவாள்.

“வாங்கிக்கிறவங்க உன்னை மிச்சம் வைக்க மாட்டாங்கடி,” என்று மண்ணெண்ணெய் சொல்லும். பெரியவள் வாயே திறக்கமாட்டாள்.

ஒருநாள் இடுக்கி வந்து சின்னவளைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியில் போட்டது. அவள் சீறிக்கொண்டு ஓடினாள், உருகி உருண்டையானாள், வெடித்துச் சிதறினாள். தொட்டியின் மேல் புகைதான் மிஞ்சியது.

மண்ணெண்ணெய் பெரியவளை இறுக்கி அணைத்துக்கொண்டது. “பார்த்தியாடி?”

“பார்த்தேன்,” என்றாள் பெரியவள். “மூத்தவ நான் இருக்கும்போது அவளை எப்படி முதல்ல அனுப்பலாம்?”