பெருமாள் சொன்ன விலை

அன்று காலை பசியாவரம் படகுத்துறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: படகின் சொந்தக்காரர் பெருமாள், அவர் மனைவி ராஜாத்தி, மகள் நந்தினி, படகை வாங்கத் தோணிரேவிலிருந்து வந்த மூர்த்தி. ஐந்தாவதாக ஓர் ஆள் அங்கே இல்லை.

“இன்னாண்ணா வெல சொல்ற? இந்தத் துட்டுக்கு ரெண்டு புதுப் படகு வாங்கி மாலை போட்டு வுடலாமே” என்றார் மூர்த்தி.

“சொன்ன வெலதான். ஒரு ரூபா கொறையாது.”

“பாதி தரேன்.”

“அப்போ பாதிப் படகு எடுத்துக்கோ.”

ராஜாத்தியின் இதயத்தில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று மூன்று மாதங்களுக்கு முன் டாக்டர் சொல்லியிருந்தார். அரசுக் காப்பீட்டு அட்டை எடுத்தால் செலவே இல்லை, குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள் நந்தினி. பெருமாள் மறுத்தார். ஐந்து தலைமுறையாக யாரிடமும் கையேந்தாத குடும்பம், படகை விற்று வைத்தியம் பார்ப்பேன் என்று ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

படகு போனால் பாடும் போகும். ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி ஊர் கொடுக்கும் முறைதான் பாடு. படகில்லாத வீட்டுக்குச் சீட்டு இல்லை.

“காப்பீடு வாங்கினா இன்னாண்ணா கொறச்சல்? மழைக்கால நிவாரணம் வாங்கற இல்ல?” என்றார் மூர்த்தி.

“அது ஏரில எறங்க முடியாத நாளுக்குக் கூலி.”

“இது ஏரில எறங்கித் தேஞ்ச ஒடம்புக்குக் கூலின்னு வச்சிக்கோ.”

பெருமாள் படகுக் கயிற்றை இழுத்து இறுக்கினார்.

மூர்த்தி ராஜாத்தியின் பக்கம் திரும்பினார். “ஆமா அண்ணி, விடிகாலைல பறிக்கூடைய பல்லால கடிச்சிகினு, தண்ணில தவழ்ந்து தவழ்ந்து இறா தடவினு இருந்தது நீங்கதானே? நெஞ்சு அடைச்சவங்க மாதிரி தெரியலியே.”

ராஜாத்தி மகளைப் பார்த்தாள். மகள் தலைகுனிந்தாள்.

ராஜாத்தி வலக்கை வளையல்களை மேலே தள்ளி, கையைப் பெருமாளிடம் நீட்டினாள். மணிக்கட்டில் மிளகளவு தழும்பு.

“போன மாசம் நாலு நாளு எளாவூருக்கு, தங்கச்சி வூட்டுக்குப் போறேன்னு சொன்னேன் இல்ல? போவல. ஆஸ்பத்திரில இருந்தேன். இது வழியா கம்பி வுட்டு அடைப்ப சரி பண்ணிட்டாங்க. ஒரு பைசா கேக்கல. நெஞ்சுமேல இருந்த பாறாங்கல்ல எடுத்து அப்பால வச்சாப்புல கீது. அந்த டாக்டர் புள்ளைங்க நல்லா இருக்கணும். ஊரு முன்னால சொன்ன சொல்ல நீ மாத்திக்க மாட்ட. அதான் உன்கிட்ட சொல்லல.”

“கையெழுத்து?” என்று மட்டும் கேட்டார் பெருமாள்.

“நீதான் போட்ட, நைனா” என்றாள் நந்தினி. “மழைக்கால நிவாரணம்னு சொல்லி ஒரு விண்ணப்பத்த உன் முன்னால வச்சேன் இல்ல? தலைப்பு தெரியாம மேல் பக்கத்த மடிச்சி வச்சிருந்தேன். உள்ள போயி பேனா எடுத்தாந்து கையெழுத்து வாங்கிட்டேன். திட்டணும்னா என்னியத் திட்டு. அம்மாவ ஒண்ணும் சொல்லாத.”

பெருமாள் யாரையும் திட்டவில்லை. ஏரிப் பக்கம் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மூர்த்தியிடம், “படகு விக்கறதுக்கில்ல. நாளைக்கு என் பாடு” என்றார்.

மகளிடம், “அந்த ஆஸ்பத்திரிக்கு நல்ல நண்டா பாத்து ஒரு கூடை எடுத்துனு போ. பெருமாள் வூட்டுல சும்மா வாங்கிகினாங்கன்ற பேச்சு வாணாம்” என்றார்.

“நல்லா ஏமாத்திட்டாங்கண்ணா உன்ன” என்று மூர்த்தி சிரித்தார். அந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் ஏரி முழுக்கப் பரவிவிட்டது.

மனைவியும் மகளும் சேர்ந்து பெருமாளை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று இன்றும் ஊரில் பேசுகிறார்கள். அது தவறு. நந்தினி பேனா எடுக்க உள்ளே போன நேரத்தில் அவர் கண்ணாடியைப் போட்டு, மடிப்பைப் பிரித்து, தலைப்பை இரண்டு முறை வாசித்துவிட்டு, முன்பு இருந்தபடியே மடித்து வைத்தார்.