நாலு பவுண்டு பதினாலு அவுன்ஸ்

"அப்பட்டமான கள்ள எடை. கடைக்காரனா இருந்தா இந்நேரம் கேஸ் போட்டிருப்பேன்" என்றேன் என் மனைவியிடம்.

அவள் குழந்தை டாக்டர். இருபது வருஷம் ஊசி போட்டவள், நாற்பத்தாறு வயசில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு மருத்துவ வரலாறு எம்.ஏ. படிக்கப் போனாள். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து என்னிடம் துக்கம் விசாரித்தார்கள்.

நான் எடை அளவு இன்ஸ்பெக்டர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பது என் பிழைப்பு. முதல் தடவையாக அவள் படிப்புக்கு நான் தேவைப்பட்டேன். அந்தப் பெருமையில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியின் பழைய ஆவண அறை. மேஜைமேல் நூறு வருஷத்துக்கு முந்தைய குழந்தைத் தராசு. பக்கத்தில் பஞ்ச காலத்து எடைப் பதிவேடு. குறைமாதக் குழந்தைகள் வார்டு. நாற்பது கட்டில், நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள், எழுதியது ஒரே நர்ஸ்.

எந்தக் குழந்தையும் வளரவில்லை. மூன்று பவுண்டு, மூன்றரை, நாலு என்று ஏறும். நாலு பவுண்டு பதினாலு அவுன்ஸ் வந்ததும் நின்றுவிடும். அப்புறம் மாசக்கணக்கில் அதே எடைதான்.

அவள் ஆய்வே இதை நம்பித்தான். 'குழந்தைகள் வளராத வார்டு' என்று தலைப்பு. அந்த ஆஸ்பத்திரி குழந்தைகளைப் பட்டினி போட்டது என்பது முடிவு. வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். "தராசு பழுதா இருந்திருந்தா?" என்று போன வாரம் பேராசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்றிலிருந்து இவளுக்குத் தூக்கமில்லை.

என்னுடைய எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். முள் இம்மி பிசகவில்லை.

"தராசு சுத்தம். அந்த நர்ஸ் கைதான் சுத்தம் இல்லை. மாசக்கணக்குல ஒரே எடையா? வளரலைன்னாலும் ஒரு அவுன்ஸாவது ஏறி இறங்காதா?"

"அப்போ பதிவேடே பொய்யா?"

"பொய்தான். தினமும் பெரிய டாக்டர் வேற பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கார் பாரு. கூட்டுக் களவாணி."

அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "ரெண்டு வருஷ உழைப்பு போச்சுங்க" என்றாள்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கள்ள எடை என்றால் எனக்கு ஆகவே ஆகாது. பையிலிருந்து சோதனைப் படிவத்தை எடுத்தேன். 'குற்றம் செய்தவர்' என்ற கட்டத்தில் 'வார்டு நர்ஸ்' என்று அழுத்தி எழுதினேன்.

"சரி, முதல் பக்கத்தைக் காட்டு."

"எந்த முதல் பக்கம்?"

"எந்தப் பதிவேட்டுலயும் முதல்ல விதிமுறை அச்சடிச்சிருக்கும். நாங்க அதைத்தான் முதல்ல படிப்போம்."

அவள் முகம் மாறியது. "நான் எடை எழுதின பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து, அதை வச்சே படிச்சுட்டேன். இதைப் புரட்டவே இல்லைங்க."

அட்டையைத் திறந்தோம். அச்சில் நாலே வரி. அவள் வாய்விட்டுப் படித்தாள்.

'ஐந்து பவுண்டுக்குக் குறைவான குழந்தைக்கு மட்டுமே வார்டில் இடமும் பாலும். அதன் தாய்க்கு இரு வேளை உணவு. ஐந்து பவுண்டு ஆனதும் இருவரையும் அன்றே வெளியேற்ற வேண்டும்.'

அவள் அந்த வரிகளை இன்னொரு முறை படித்தாள்.

"வெளியே பஞ்சம்" என்றாள் மெதுவாக. "அஞ்சு பவுண்டுக்கு ரெண்டே அவுன்ஸ் பாக்கி. அந்த ரெண்டு அவுன்ஸை அவங்க காகிதத்துல ஏற விடவே இல்லை."

எனக்குச் சிலிர்த்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் புத்தி எங்கே போகும்?

"அவசரப்படாதே. பாலை வெளியே வித்துட்டு, குழந்தைகளைக் காயப் போட்டிருந்தாலும் இதே எடையைத்தான் எழுதியிருப்பாங்க. குழந்தைங்க நிஜமா வளர்ந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

அவளுக்கு என்ன தோன்றியதோ, பதிவேட்டை வெடுக்கென்று இழுத்துக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

"இந்த ஒரு பக்கத்தை மட்டும் தப்புன்னு நானே ஆய்வுலேர்ந்து தள்ளி வச்சேங்க. ஒரே நாள்ல எந்தக் குழந்தையும் இவ்வளவு ஏறாதேன்னு."

மழை வந்து, பஞ்சம் தீர்ந்து, வார்டை மூடிய நாள். அதே நர்ஸின் கையெழுத்து. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"முந்தின நாள் நாலு பவுண்டு பதினாலு அவுன்ஸ். அன்னைக்குப் பதினொரு பவுண்டு. இந்தக் குழந்தை முந்தின நாள் நாலு பதினாலு. அன்னைக்குப் பத்தரை. இது பன்னிரண்டு. இது ஒன்பதே முக்கால்..."

நூற்று ஒன்பது குழந்தைகள். மூன்றைத்தான் காப்பாற்ற முடியவில்லை. பக்கத்தின் அடியில், வெளியூரிலிருந்து வந்த நிவாரண அதிகாரி எழுதியிருந்தார்: 'எல்லாக் குழந்தைகளும் என் கண்முன் எடை போடப்பட்டன.'

அவள் ஆய்வின் முகப்புத் தாளை எடுத்தாள். 'வளராத' என்பதை அடித்துவிட்டு 'வளர்ந்த' என்று எழுதினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் நாலு நாள் இருக்கு. மறுபடியும் எழுதிடுவேன்."

நானும் என் படிவத்தில் எழுதியதை அடித்தேன். பாராட்டுக்கு ஏதாவது கட்டம் இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினேன். எங்கள் படிவத்தில் அப்படி ஒன்று கிடையாது.

"என்னங்க, ஏன் எழுந்துட்டீங்க?" என்றாள்.

அவள் கேட்ட பிறகுதான் தெரிந்தது, இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் முதல் தடவையாக ஒரு கள்ள எடைக்கு நான் எழுந்து நிற்கிறேன் என்று.