பதினேழாவது குவளை

மனநல வார்டு முற்றத்தில் மாத்தே கசாயக் குவளை சுற்றி வந்தது. ஊற்றிக் கொடுத்தவள் எல்விரா.

முதல் நாள் வேலைக்கு வந்த நர்ஸ் நோயேலியா, மாத்திரைத் தட்டோடு வேடிக்கை பார்த்தாள்.

வந்து ஒரு மாதமாக வாயே திறக்காத ஃபௌஸ்தினோவிடம் அவனுடைய பதினேழாவது குவளை நீண்டது.

"போதும்னா 'நன்றி'ன்னு சொல்லு ராசா. அதுவரைக்கும் ஊத்துறதுதானே நம்ம ஊர் வழக்கம்?"

"பாவம்க்கா, விட்டுருங்க," என்றாள் நோயேலியா.

"நீ சும்மா இரு, பொண்ணே."

ஃபௌஸ்தினோ நெளிந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "நன்றி!" என்று கத்தியேவிட்டான்.

முற்றமே கைதட்டியது.

நோயேலியாவுக்கு ஆவல் தாங்கவில்லை. "இந்த வைத்தியத்தை எங்கக்கா கத்துக்கிட்டீங்க?"

"இங்கேதான். போன வருஷம் என்னைப் பேச வைக்க இருபத்திமூணு குவளை ஆச்சு," என்ற எல்விரா, தட்டிலிருந்து தன் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.