பக்கெட்டில் மஞ்சள் அல்லி

ஆமா ஸ்டெல்லன், நான்தான் பிடுங்கினேன். கல் நெஞ்சுக்காரின்னு சொல்லிட்டீங்க, சரி. நீங்க ஏரிச் சங்கத் தலைவர். நான் லீவுக்குப் படகுத்துறையில நின்னு, வெளிச் செடி, சிப்பி எதுவும் ஏரிக்குள்ள போயிடாம சோதனை போடுற காலேஜ் பொண்ணு. அதுக்காக வாயைப் பொத்திட்டுப் போவேன்னு நினைச்சீங்களா?

எண்பது வயசு டோர்க்னி காலி பக்கெட்டோட அழுத போட்டோவை மிட்சம்மர் கோடைத் திருவிழா விருந்துல ஊருக்கே காட்டினீங்களே. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?

அன்னிக்கு அவர் துறைக்கு வந்தப்ப கையில பக்கெட் நிறைய மஞ்சள் அல்லி, வேரோட.

"யாருக்கு இது?"ன்னேன்.

துறைக்கு மேல இருக்கிற முதியோர் இல்லத்து ஜன்னலைக் காட்டினார். "என் குன்வோருக்கு. எங்க ஊர் ஏரி பூரா இதுதான். படுத்த படுக்கையில தினமும் கேக்குறா, 'நம்ம மஞ்சப் பூ இங்க ஏன் பூக்கல?'ன்னு. ஜன்னலுக்கு நேரா நட்டுடறேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

"ஒரு துண்டு வேர் போதும், ஏரி பூரா படர்ந்து பத்து வருஷத்துல இங்க துடுப்பே நகராது. தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? எங்க ஊர் ஏரியில முதல் செடியை நட்டவனே நான்தான். கல்யாணமான புதுசு. அவ ஆசைப்பட்டா. இப்ப அங்க யாரும் குளிக்கக்கூட முடியாது."

"அப்புறம் எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"நீ பிடுங்கத்தான். அவகிட்ட இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஜன்னல்ல பாத்துட்டிருக்கா. நல்லா சத்தம் போட்டுத் திட்டிப் பிடுங்கு பொண்ணே. கோவம் உன்மேல போகட்டும்."

திட்டினேன். பிடுங்கினேன். அவர் நிஜமாவே அழுதுட்டார். மேல ஜன்னல் வழியா ஒரு கை, பூவைப் பாத்து நீட்டினது நீட்டினபடியே இருந்துச்சு. இன்னும் கண்ணுல நிக்குது அந்தக் கை.

போன வாரம் குன்வோர் போயிட்டாங்க. இனி யார்கிட்ட மறைக்கணும்னு டோர்க்னி சங்கத்துக்கு எல்லாத்தையும் எழுதிக் குடுத்தார். எனக்கும் ஒரு நகல் வந்துச்சு. நீங்க அந்த லெட்டரைப் பத்தி மூச்சே விடல. இன்னும் என்னை வேலையை விட்டுத் தூக்கணும்னுதான் குதிக்கிறீங்க.

ஏன்னு எனக்குத் தெரியும். அதோட கடைசி வரி: 'செடியைத் தன் தோட்டக் குளத்துலேருந்து பறிச்சுக் குடுத்தது ஸ்டெல்லன்தான்.'

உங்க குளத்துக்கும் ஏரிக்கும் நடுவுல பத்தடி இல்ல. பனி உருகுறப்ப அந்தக் குளம் ரொம்பி எங்க வழியுது? சனிக்கிழமை கூட்டத்துல, ஊர் முன்னாடி நின்னு நீங்களே சொல்லுங்க.