ஐந்து டப்பா வத்தக்குழம்பு

மூன்றாவது டப்பாவிலும் வெந்தயம் கருகியிருந்தது.

முதல் இரண்டில் அதைத் தற்செயல் என்று விட்டுவிட்டேன். வெந்தயம் யார் வீட்டில்தான் கருகாது? ஆனால் மூன்றிலும் அதே கசப்பு, அதே புளிப்பு, கடைசியில் நாக்கில் அதே துளி வெல்லம். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன்.

ஞாயிறு மதியம். கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் உள்ள எங்கள் குடியிருப்பின் கீழ்த்தள ஹாலில் 'ஒரே நாளில் ஒரு வாரச் சமையல்' போட்டி நடந்துகொண்டிருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீசுக்கு ஓடுகிற குடும்பங்கள் ஞாயிறன்றே சமைத்து, டப்பாவில் கிழமை எழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜில் அடுக்கிவிடுகின்றன. அதில் யார் கெட்டிக்காரர் என்று கண்டுபிடித்தாக வேண்டுமாம். ஐந்து நாளும் கெடாமல் நிற்கும் என்பதால் வத்தக்குழம்பைப் போட்டிக்கு வைத்திருந்தார்கள்.

நான் எத்திராஜ். இந்தக் கட்டடம் நிற்பது எங்கள் அப்பா நெல் போட்ட நிலத்தில். அந்த மரியாதைக்காக இங்கே கோலப் போட்டி வைத்தாலும் மாறுவேடப் போட்டி வைத்தாலும் நடுவர் நான்தான். வேண்டாம் என்று நானும் ஒரு நாளும் சொன்னதில்லை.

டப்பாவைத் திறக்கும்போது சமைத்தவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும். ரேணுகா மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் மண்சட்டி வைத்து மூன்று மணி நேரம் கொதிக்க விட்டாளாம். நிவேதிதா தன்னுடையது அசல் திருநெல்வேலிப் பக்குவம் என்றாள். சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற முகமது ஆசிக், வறுத்தது அரைத்தது எல்லாம் தானேதான் என்று சொன்னபோது அவன் மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவதாக வந்த திவ்யா, தன் குழம்பில் பூண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை என்றாள்.

அந்த நேரம் பார்த்து என் வாயில் ஒரு முழுப் பூண்டுப் பல் வந்தது. மெல்லாமல் விழுங்கினேன்.

ஏனென்றால் அதற்குள் அங்கம்மா என் கண்ணில் பட்டுவிட்டாள். தண்ணீர் ஜக்கோடு கதவோரம் நின்றவள், என் கையிலிருந்த ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடியிருப்பில் பாதி வீடுகளுக்குப் பாத்திரம் தேய்ப்பவள் அவள். நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருகிறாள். ஞாயிறு காலைகளில் நான் மார்க்கெட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், இரண்டு பெரிய தூக்குகளைச் சுமந்துகொண்டு பின்பக்கப் படியில் ஏறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அவளுடைய சாப்பாடு என்று நினைத்தேன். ஒற்றை ஆள் அவ்வளவா சாப்பிடுவாள் என்று யோசிக்கத் தோன்றவில்லை, பாருங்கள்.

ஒரே அண்டாவில் காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றியிருக்கிறாள். வெளியே மூச்சு விடக் கூடாது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சத்தியம் வாங்கியிருப்பார்கள். நம் ஒரு வீட்டுக்குத்தான் செய்து தருகிறாள் என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டு, அந்த நம்பிக்கையில்தான் போட்டிக்கே வந்திருக்கிறார்கள்.

நான் வாயைத் திறந்தால் இவர்களுக்கு ஒரு மாலை நேரத்து அவமானம். அங்கம்மாவுக்கு அத்தனை வீட்டு வேலையும் போய்விடும், காட்டிக்கொடுத்தவள் என்ற பெயரோடு. அவள் சம்பாத்தியத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது. எனக்குப் பாவமாக இருந்தது. மண்சட்டிக் கதை விட்டவர்கள் மேல் எரிச்சலாகவும் இருந்தது.

ஐந்தாவது டப்பா சுரேகாவுடையது. செக்கு எண்ணெய் என்றாள். ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடி, ரொம்ப யோசிக்கிற மாதிரி தலையை ஆட்டினேன்.

பிறகு வாய்க்கு வந்தபடி அளந்துவிட்டேன். ரேணுகாவின் குழம்பில் சட்டி வாசனை தூக்கலாக இருக்கிறது என்றேன். நிவேதிதாவுடையதைச் சாப்பிட்டதும் தாமிரபரணித் தண்ணீர் குடித்த மாதிரி இருந்ததாம் எனக்கு. ஆசிக்கின் வறுவல் கம்ப்யூட்டர் கணக்கு. திவ்யாவுடையதில் பூண்டு இல்லாத குறையே தெரியவில்லை. இதில் ரேணுகாவுக்கு நிவேதிதாவைவிட அரை மார்க் கூடப் போட்டதில் நிவேதிதாவின் முகம் சுருங்கிப்போனது.

முதல் பரிசு சுரேகாவுக்கு என்றேன். காரணம் கேட்டார்கள். கைவசம் இருந்த பொய்யெல்லாம் தீர்ந்துவிட்டதால், மனதில் பட்டதைச் சொன்னேன்.

“நம்ம ஊட்டு கொழம்பு மாதிரியே கீதும்மா.”

அதற்கு மேல் ஒரு பாராட்டு என்னிடம் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். என் மனைவி தாயம்மாவின் கைப்பக்குவம் இந்தக் குடியிருப்பு முழுக்கப் பிரசித்தம். பிரசித்தம் ஆக்கியது நான்தான். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக நாள் முழுக்க அலைகிறவள், வாரத்துக்கான குழம்பை ஞாயிறு காலையிலேயே வைத்துவிடுவாள். நடுவர் வீட்டுக்காரி போட்டியில் கலந்துகொள்வது நியாயமில்லை என்று இன்று அவளாகத்தான் ஒதுங்கிக்கொண்டாள். முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினாள்.

கூட்டம் கலைந்தது. அங்கம்மா மேஜையைத் துடைக்க வந்தாள். ஒரு குடும்பத்தையே காப்பாற்றிவிட்ட நிறைவு எனக்கு. குனிந்து, பயப்படாதே, ஐந்து வீட்டு விஷயமும் என் வாயிலிருந்து வராது என்று மெதுவாகச் சொன்னேன்.

அவள் நிமிரவில்லை.

“அஞ்சு இல்ல சார். ஆறு ஊடு.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஓடியது. ஏழு வருடமாக ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக, கீரை வாங்க என்னை அம்பத்தூர் மார்க்கெட்டுக்குத் துரத்துகிறாள் தாயம்மா. கொரட்டூரில் கிடைக்காத கீரையா?

வாசலில் தாயம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள். இதோ வந்துவிட்டேன் என்றேன்.

அங்கம்மாவிடம் திரும்பி, வெளியே யாரிடமும் சொல்லிவிடாதே என்று நானும் கேட்டுக்கொண்டேன்.